லாரியைக் கரடுமுரடான பாதைகளுக்கான பயண வீடாக மாற்றுதல்: முழுமையான வழிகாட்டி

லாரியைப் பயண வீடாக மாற்ற நினைப்பவர்களில் பெரும்பாலோர் கட்டில் எங்கே, அடுப்பு எங்கே, குளியலறை எவ்வளவு பெரிது என்று உள்ளிருந்துதான் வரையத் தொடங்குகிறார்கள். தார்ச்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு அது போதும். மணலும் பாறையும் ஆற்றுப்படுகையும் கடந்து வாரக்கணக்கில் ஓட வேண்டிய வண்டிக்கு, சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) எவ்வளவு எடை தாங்கும், அது எவ்வளவு முறுக்கிக்கொள்ளும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே அதன்மேல் ஏறும் வீட்டுப் பெட்டியின் நீள அகலத்தை எழுத வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்துள்ளன. நடுவில் ஒன்றைத் தாண்டிச் சென்றால், பின்னால் வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும்.

படி 1: எடைக் கணக்கு

முதலில் எத்தனை பேர், ஊர்களுக்கு இடையே எத்தனை நாள், எந்த அளவுக் குளிர் என்று முடிவு செய்யுங்கள். பிறகு ஓட்டுநர் உரிமம் அனுமதிக்கும் மொத்த எடையைப் பாருங்கள். ஐரோப்பிய நாடுகளில் சாதாரணக் கார் உரிமம் 3.5 டன் வரையிலும், அடுத்த வகை உரிமம் 7.5 டன் வரையிலும் செல்லும்; வேறு நாடுகளில் எல்லைகள் மாறும். இந்த எல்லைகளே சந்தையில் உள்ள பயண வண்டிகளின் அளவைத் தீர்மானிக்கின்றன.

7,490 கிலோ எல்லைக்குள் நிற்க வேண்டிய ஒரு நான்கு சக்கர இயக்க லாரியை எடுத்துக்கொள்வோம். கேபினும் சேஸிஸும் மட்டும் 4,500 கிலோ என்றால், மீதி ஏறக்குறைய 3,000 கிலோ. சேஸிஸுக்கும் பெட்டிக்கும் நடுவில் வரும் துணைச் சட்டகம் 300, பெட்டியின் சுவர்களும் மூலைப் பட்டைகளும் 600, கதவு சன்னல்கள் 150, மரச்சாமான்கள் 350, தண்ணீரும் டேங்கும் 350, கூடுதல் டீசல் 200, பேட்டரியும் மின்சாதனங்களும் 200, ஹீட்டரும் குழாய்களும் 100, மாற்றுச் சக்கரமும் அதன் தாங்கியும் 200, ஆட்களும் உடைமைகளும் 400. கூட்டினால் 2,850 கிலோ. மீதமுள்ள 140 கிலோவில்தான் கருவிகள், இழுவைக் கயிறு, மணல் பலகை, உணவு எல்லாம் அடங்க வேண்டும். கட்டி முடிக்கும்போது திட்டத்தைவிட எடை குறைந்த வண்டி அரிது. ஆகவே காகிதத்திலேயே பத்து விழுக்காடு மிச்சம் வைக்காத திட்டத்தைத் திரும்ப எழுதுவதே நல்லது.

மொத்த எடை மட்டும் போதாது. ஒவ்வோர் அச்சின் மீதும் விழும் சுமையைத் தனித்தனியே கணக்கிட வேண்டும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3.9 மீட்டர் என்றும், 3,000 கிலோ எடையுள்ள பெட்டியின் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது என்றும் கொள்வோம். 3,000-ஐ 0.6-ஆல் பெருக்கி 3.9-ஆல் வகுத்தால் முன் அச்சுக்குச் சுமார் 460 கிலோ. எஞ்சிய 2,540 கிலோ பின் அச்சுக்கு. இப்போது பின் அச்சிலிருந்து 2.6 மீட்டர் தள்ளி, பின்சுவரில் 150 கிலோ மோட்டார் சைக்கிளைத் தொங்கவிட்டால், பின் அச்சு சுமப்பது 150 அல்ல, 250 கிலோ. ஏனெனில் அது நெம்புகோலாக வேலை செய்து முன் அச்சிலிருந்து 100 கிலோவைத் தூக்கிவிடுகிறது. செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரங்கள் பிடிப்பை இழப்பதற்கு இப்படிப் பின்னால் தொங்கும் சுமைகளே பெரும்பாலும் காரணம்.

படி 2: லாரியைத் தேர்ந்தெடுத்தல்

மெர்சிடிஸ் யூனிமாக், 1970-களின் நடுவில் ஜெர்மன் ராணுவத்துக்காக வந்த மேன் கேட்1, மேன் டிஜிஎம் நான்கு சக்கர இயக்கம், இவெகோ டெய்லி, மிட்சுபிஷி ஃபியூஸோ கேன்டர் ஆகியவை இந்த வேலைக்கு அடிக்கடி எடுக்கப்படும் அடித்தளங்கள். எதை எடுப்பது என்பதில் இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு.

பழைய ராணுவ, தீயணைப்பு வண்டிகளில் டீசல் பம்பு முழுக்க இயந்திர முறையில் இயங்குவதால் எந்தப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம். தரம் குறைந்த டீசலையும் தாங்கும். ஆனால் சத்தமும் மெதுவான வேகமும் உண்டு. உதிரிபாகங்களை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள வேண்டும். யூரோ 6 என்ற ஐரோப்பியப் புகை விதிக்கு உட்பட்ட புதிய வண்டிகள் சொகுசானவை. ஆனால் புகை வடிகட்டியும் ஆட்ப்ளூ எனும் யூரியாக் கரைசலும் கொண்ட அவற்றின் புகைச் சுத்திகரிப்பு அமைப்பு, கந்தகம் மிகக் குறைந்த டீசலை எதிர்பார்க்கிறது. கந்தகம் மிகுந்த எரிபொருள் மட்டுமே கிடைக்கும் நாடுகளில் அது நாளடைவில் அடைத்துக்கொள்ளும். ஆட்ப்ளூ கரைசல் பூஜ்யத்துக்குக் கீழே 11 டிகிரியில் உறைவதையும் கணக்கில் கொள்ளுங்கள். கண்டங்கள் தாண்டும் திட்டம் இருந்தால் பழையதையோ, யூரோ 3 அளவிலான இடைக்கால வண்டியையோதான் பரிந்துரைப்பேன்.

வாங்குமுன் சேஸிஸ் தண்டுகளின் உட்புறத்தையும், குறுக்குச் சட்டங்கள் சேரும் இடங்களையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மேலே அடித்த புதுப் பெயிண்டுக்குக் கீழே துரு அடுக்கடுக்காக உப்பியிருந்தால் சத்தம் மந்தமாக வரும்.

படி 3: அடித்தளத்தைச் செப்பனிடுதல், டயர்கள்

பெட்டி ஏறிய பிறகு கை நுழையாத எல்லாவற்றையும் இப்போதே முடித்துவிடுங்கள்: பிரேக் காற்றுக் குழாய்கள், ஆக்ஸில் சீல்கள், பட்டை ஸ்பிரிங்கின் புஷ்கள், இரு அச்சுகளுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் எண்ணெய், துருநீக்கி அடிக்கும் பெயிண்ட்.

பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள லாரியானால் அதை அகன்ற ஒற்றைச் சக்கரமாக மாற்றுவது அநேகமாகக் கட்டாயம். இரட்டை டயர்களுக்கு நடுவே கல் சிக்கி இரண்டையும் கிழிக்கும். அதோடு, மணலில் முன்சக்கரம் அமுக்கிச் சென்ற தடத்தில் பின்சக்கரமும் உருண்டால்தான் எதிர்ப்பு குறையும். இந்த எடை வகுப்பில் 365/80 ஆர் 20, 395/85 ஆர் 20, அதற்கு மேல் 14.00 ஆர் 20 ஆகியவை வழக்கமான அளவுகள். பெரிய டயருக்கு ஒரு விலை உண்டு. 365/80 ஆர் 20-இன் விட்டம் சுமார் 1.09 மீட்டர், 395/85 ஆர் 20-இன் விட்டம் 1.18 மீட்டர். இந்த எட்டு விழுக்காட்டு வேறுபாட்டால் வேகமானி 80 காட்டும்போது வண்டி 86-இல் ஓடும். சக்கரத்தில் கிடைக்கும் இழுவிசையும் அதே அளவு குறையும். தாழ்ந்த கியர் போதாத எஞ்சினில் இது உடனே தெரியும். ரிம்மின் தாங்குதிறனும் டயரின் வேகக் குறியீடும் வண்டியின் பதிவுக்குப் பொருந்த வேண்டும்.

காற்று பிரேக் உள்ள லாரிகளில் கம்ப்ரஸர் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு குழாயையும் அழுத்தமானியையும் சேர்த்துவிட்டால் மணலில் காற்றைக் குறைத்து, கெட்டித் தரையில் மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். பணம் செலவழித்து வாங்கும் பல உபகரணங்களைவிட இந்த ஒரு குழாய் அதிகம் உதவும்.

படி 4: துணைச் சட்டகம்

இதுதான் முழு வேலையின் மையம். லாரியின் சேஸிஸ் இரண்டு நீளத் தண்டுகளால் ஆன ஏணி. ஒரு முன்சக்கரம் மேட்டிலும் எதிர்ப்புறப் பின்சக்கரம் இன்னொரு மேட்டிலும் ஏறும்போது, அந்த ஏணி ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கிக்கொள்கிறது. அது குறையல்ல, நான்கு சக்கரமும் தரையில் நிற்பதற்காக அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒட்டிய சுவர்களால் ஆன பெட்டி முறுக்கத்தை ஏற்காது. இரண்டையும் இறுகப் பூட்டினால் சுவரின் மூலை பிளக்கும், அல்லது சேஸிஸில் விரிசல் விழும். விதிவிலக்கு மேன் கேட்1 போன்ற வண்டிகள்: அதன் சட்டகம் முறுக்காத பெட்டி வடிவம் கொண்டது, வேலையைச் சுருள் ஸ்பிரிங்குகளே செய்கின்றன; ஆகவே பெட்டியை நேராகப் பொருத்தலாம். யூனிமாக் இதற்கு நேர் எதிர்; அதன் சட்டகம் வளைந்து கொடுப்பதற்கென்றே உருவானது.

மற்ற லாரிகளுக்கு மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன.

மூன்று புள்ளித் தாங்கல்: ஒரு முனையில் இரண்டு நிலையான இணைப்பு, மறுமுனையில் நடுக்கோட்டில் ஒரு சுழல் இணைப்பு. முறுக்கம் பெட்டிக்குள் அநேகமாகப் போகவே போகாது. ஆனால் முழு எடையும் மூன்றே இடங்களில் இறங்குவதால் அங்கே தண்டுகளை வலுப்படுத்த வேண்டும். நிலையான இணைப்புகள் பின் அச்சருகே இருந்தால் பெட்டி பின் அச்சைப் பின்பற்றும். கேபினுக்கும் பெட்டிக்கும் இடையே ஆட்டம் கூடும். கேபினிலிருந்து பெட்டிக்குள் நுழையும் வழி வேண்டும் என்பவர்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

நான்கு புள்ளித் தாங்கல்: முன்னும் பின்னும் நடுக்கோட்டில் ஒவ்வொரு சுழல் இணைப்பு, நடுவில் இருபுறமும் ஒவ்வோர் இணைப்பு; மேலிருந்து பார்த்தால் வைர வடிவம். நீளமான பெட்டிக்கு இது ஏற்றது; சுமை நன்றாகப் பரவும். சுழலும் பாகங்கள் அதிகம் என்பதால் துல்லியமான பட்டறை வேலையும் தொடர்ந்து கிரீஸ் அடிப்பதும் தேவை.

ஸ்பிரிங் தாங்கல்: துணைச் சட்டகம் சேஸிஸ் தண்டின் முழு நீளத்துக்கும் படிந்து உட்காரும், பின்பகுதி இறுகப் பூட்டப்படும், முன்பகுதியில் அழுத்த ஸ்பிரிங் கோத்த போல்ட்டுகள் பிடித்திருக்கும். சேஸிஸ் முறுக்கும்போது துணைச் சட்டகம் ஒருபுறம் மேலெழுந்து, பிறகு தண்டின்மேல் திரும்ப அமரும். பக்கவாட்டில் நழுவாதபடி வழிகாட்டித் தகடுகள் வேண்டும். சமதரையில் சுமை முழு நீளத்திலும் பரவுவதால், டெய்லி, கேன்டர் போன்ற மெல்லிய தண்டு கொண்ட லாரிகளுக்கு இதையே முதலில் பரிசீலிப்பேன். கட்டுவதற்கும் எளிது. ஸ்பிரிங்கின் வலு குறைந்தால் பெட்டி துள்ளும். மிகுந்தால் முறுக்கம் பெட்டிக்குள் புகும். எனவே கணக்கிட்டே வாங்க வேண்டும்.

எந்த வழியானாலும், லாரித் தயாரிப்பாளர் வெளியிடும் பெட்டி கட்டுவோருக்கான கையேட்டைப் பெற்றுப் படிப்பது அவசியம். பொதுவான விதிகள் இவை: சேஸிஸ் தண்டின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடக் கூடாது, தண்டின்மேல் வெல்டிங் கூடாது, ஏற்கெனவே உள்ள துளைகளில் 8.8 அல்லது 10.9 தர போல்ட்டுகளைக் கொண்டு தாங்கிகளைப் பூட்ட வேண்டும். வண்டியின்மேல் வேறெங்காவது வெல்டிங் செய்ய நேர்ந்தால் பேட்டரி இணைப்புகளைக் கழற்றிவிடுங்கள். கையேடு சொல்லும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் இணைப்புகளையும் எடுத்துவிடுங்கள்.

துணைச் சட்டகம் பொருந்தியதும், பெட்டியை ஏற்றுமுன் ஒரு சோதனை. இடது முன்சக்கரத்தையும் வலது பின்சக்கரத்தையும் கட்டைகளின் மேல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். கேபினின் பின்சுவர், எரிபொருள் டேங்க், காற்றுக் குழாய்கள், டயர் மேற்பகுதி ஆகியவற்றுக்கும் சட்டகத்துக்கும் உள்ள இடைவெளியை ஒவ்வோர் இடத்திலும் அளந்து எழுதுங்கள். பிறகு எதிர்மூலைகளை ஏற்றி அதையே திரும்பச் செய்யுங்கள். இந்த எண்களே கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, நுழைவழிக்கு எவ்வளவு வளையும் ரப்பர்த் துருத்தி என்பதைச் சொல்லும். கேபின் முன்பக்கம் சாயும் வகை லாரியில் அந்தத் துருத்தி கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சினை எட்ட முடியாது.

படி 5: பெட்டி

இருபுறமும் 2 மில்லிமீட்டர் ஃபைபர் கிளாஸ், நடுவில் 50 முதல் 60 மில்லிமீட்டர் பாலியூரித்தேன் நுரை கொண்ட சாண்ட்விச் பேனல்கள்தான் இன்று பெரும்பாலோரின் தேர்வு. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 10 கிலோ. 4.5 மீட்டர் நீளம், 2.3 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரமுள்ள பெட்டிக்கு மொத்தம் சுமார் 50 சதுர மீட்டர் தேவை. அதாவது 500 கிலோ. 2.3 மீட்டர் அகலத்தில் சுவர்களைக் கழித்தாலும் உள்ளே 2.18 மீட்டர் கிடைக்கும். கட்டிலைக் குறுக்காகப் போட்டு நீளத்தை மிச்சப்படுத்தலாம். பல நாடுகளில் சட்டம் 2.55 மீட்டர் அகலத்தையும் 4 மீட்டர் உயரத்தையும் அனுமதித்தாலும், மரக்கிளைகளும் மலைப்பாதைகளும் சட்டம் படிப்பதில்லை. மொத்த உயரத்தை 3.6 மீட்டருக்குள் நிறுத்தப் பாருங்கள்.

சுவருக்குள் உலோகச் சட்டம் வைப்பதைத் தவிர்க்க வேண்டும். அலுமினியம், நுரையைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு வெப்பத்தைக் கடத்துகிறது. உள்ளிருந்து வெளியே ஊடுருவிச் செல்லும் ஒவ்வோர் அலுமினியச் சட்டமும் குளிர்காலத்தில் வியர்த்து, மரத்தை அழுக வைக்கும். மூலைகளை ஃபைபர் கிளாஸ் கோணப்பட்டைகளால் பாலியூரித்தேன் பசை கொண்டு ஒட்டுவதே சிறந்தது. ஒட்டும் பரப்பைத் தேய்த்து, துடைத்து, பிரைமர் பூசி, பசைப்படலத்தை 3 மில்லிமீட்டர் தடிமனில் நிறுத்த வேண்டும். அழுத்திப் பிதுக்கிவிட்ட பசை அதிர்வைத் தாங்காது. இந்தப் பசை காற்றின் ஈரத்தால் இறுகுவது. நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர்தான் உள்ளே இறுகும் என்பதால் அவசரப்பட்டுப் பெட்டியைத் தூக்காதீர்கள். அலமாரி, கட்டில், மாற்றுச் சக்கரம் தொங்கும் இடங்களில் நுரைக்குப் பதிலாக அடர்ந்த பலகையையோ ஃபைபர் கிளாஸ் கட்டையையோ பேனல் தயாராகும்போதே புதைக்கச் சொல்லுங்கள்.

சன்னல், கதவுத் திறப்புகளின் மூலைகளை வளைவாக வெட்டுங்கள். கூர்மூலையிலிருந்துதான் விரிசல் தொடங்கும். வெட்டிய விளிம்பில் தெரியும் நுரையை மூடி ஒட்டாமல் விடக் கூடாது. பெட்டி சேஸிஸில் ஏறியதும் முன்பு செய்த கட்டைச் சோதனையை மறுபடி செய்து, வண்டி முறுக்கிய நிலையில் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு உரசினால் முறுக்கம் எங்கோ உள்ளே வருகிறது. கீலைச் சரிசெய்யாமல் தாங்கலைச் சரிசெய்யுங்கள்.

படி 6: வெப்பமும் காற்றும்

மேற்சொன்ன பெட்டியில் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 20, உள்ளே 20 டிகிரி என்றால் சுவர்கள் வழியே இழக்கும் வெப்பம் சுமார் 800 வாட். சன்னல்களும் காற்றோட்டமும் அதை இரட்டிப்பாக்கும். எனவே 2 கிலோவாட் டீசல் ஹீட்டர் தாங்கும். 4 கிலோவாட் இருந்தால் சீக்கிரம் சூடாகும், ஆனால் மிதமான குளிரில் குறைந்த நிலையிலேயே ஓடிக் கரி படியும். உயரம் கூடக்கூடக் காற்று மெலிந்து ஹீட்டருக்கு டீசல் மிகுதியாகிவிடும்; உயரமான கணவாய்களுக்குச் செல்பவர்கள் உயரத்துக்கேற்ப எரிபொருளைக் குறைக்கும் வசதியுள்ள ஹீட்டரையே வாங்க வேண்டும். தூங்கும் இடத்துக்கருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிப்புக் கருவி இல்லாமல் ஒரு இரவும் கழிக்கக் கூடாது.

தூங்கும் இரண்டு பேர் ஓர் இரவில் மூச்சாலும் வியர்வையாலும் அரை லிட்டருக்கு மேல் நீராவியை விடுகிறார்கள். கூரையில் மூடாத ஒரு சிறு காற்றுவழியும், மெத்தைக்கு அடியில் காற்று நுழையும் சட்டமும் இல்லாவிட்டால் அது மெத்தையின் அடிப்புறத்தில் பூஞ்சணமாகும்.

படி 7: மின்சாரம்

லாரிகளில் பெரும்பாலும் 24 வோல்ட். வீட்டுப் பகுதிக்கும் அதையே வைத்துக்கொண்டால் 12 வோல்ட்டுக்குத் தேவைப்படும் செம்பில் பாதிக்கும் குறைவான குறுக்களவு போதும். எட்டு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள் சேர்ந்தால் 25.6 வோல்ட், 300 ஆம்பியர் மணி அளவில் 7.7 கிலோவாட் மணி கிடைக்கும். கம்ப்ரஸர் குளிர்பெட்டிக்கு நாளொன்றுக்கு அரை கிலோவாட் மணி, இருவருக்கான மின்தூண்டல் அடுப்புச் சமையலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோவாட் மணி என்று கொண்டால், கூரையில் 600 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் தருவது இதற்குப் போதும். இதனால் சமையல் எரிவாயுவை முழுமையாகத் தவிர்க்கலாம்; நாட்டுக்கு நாடு மாறும் சிலிண்டர் வால்வுகளோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இந்த பேட்டரிகளைப் பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் ஏற்படும். ஆகவே பேட்டரி பெட்டிக்குள்ளேயே, வெப்பத்தோடு இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டரிலிருந்து நேராகச் சார்ஜ் செய்தால் அது தன் முழுத் திறனில் ஓடிச் சூடேறிக் கருகும். நடுவில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிசி சார்ஜரைப் போடுங்கள். 2,000 வாட் அடுப்பு, இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால், பேட்டரியிலிருந்து 85 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அருகிலும், முதல் ஃபியூஸ் பேட்டரி முனையை ஒட்டியும் இருக்கட்டும்.

படி 8: தண்ணீரும் உள்வேலைகளும்

சிக்கனமாக வாழும் இருவருக்கு நாளைக்கு 20 முதல் 25 லிட்டர். 300 லிட்டர் டேங்க் பன்னிரண்டு நாளுக்குக் குறையாது. டேங்க் வெப்பக்காப்புக்கு உள்ளே, தரையோடு ஒட்டி, இரு அச்சுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். உள்ளே தடுப்புச்சுவர் இல்லாவிட்டால் சரிவில் 300 கிலோ ஒரே பக்கம் பாயும். குழாய் அமைப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் வால்வு வேண்டும்.

மரச்சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எடை குறைந்த பாப்லர் பிளைவுட், தானே திறக்காத தாழ்ப்பாள்கள், கனமான பொருள்கள் கீழே. மேல் அலமாரிகளில் துணி மட்டும்.

படி 9: எடை மேடையும் சோதனை ஓட்டமும்

டேங்குகளை நிரப்பி, ஆட்கள் அமர்ந்து, பயணத்துக்கான எல்லாச் சாமானும் ஏறிய நிலையில் எடை மேடைக்குச் செல்லுங்கள். முன் அச்சு, பின் அச்சு, பிறகு முடிந்தால் இடதுபுறச் சக்கரங்கள் மட்டும் என்று தனித்தனியே எடை பாருங்கள். ஒருபுறம் கூடியிருந்தால் பேட்டரியையோ டீசல் டேங்கையோ இடம் மாற்றலாம். அந்தச் சீட்டுகளே பதிவு மாற்றத்துக்கான ஆய்விலும் உதவும். டயரின் காற்றழுத்தத்தை இந்த எண்களை வைத்து, தயாரிப்பாளரின் சுமை அட்டவணையில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முதல் சில நூறு கிலோமீட்டர் சரளைச் சாலையில், ஊர்களுக்கு அருகிலேயே ஓட்டுங்கள். துணைச் சட்டகத்தின் ஒவ்வொரு போல்ட்டிலும் தலைக்கும் தகட்டுக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டால், தளர்ந்தது எது என்பது படுத்துப் பார்த்த உடனே தெரியும். சக்கர நட்டுகளை 50 கிலோமீட்டரிலும், துணைச் சட்டக போல்ட்டுகளை 500 கிலோமீட்டரிலும் டார்க் ரென்ச் கொண்டு மறுபடி முறுக்கிப் பாருங்கள். கோடு விலகிய போல்ட் ஒரே இடத்தில் இரண்டாம் முறையும் தளர்ந்தால், அதை மேலும் இறுக்காமல், அந்தத் தாங்கியைக் கழற்றித் துளை நீண்டிருக்கிறதா, தகடு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.